முழங்கால் தண்ணீரும் ஒரு வழியும்

நொச்சிக்குப்பத்துக்காரனுக்குப் பள்ளிக்கரணையில் என்ன வேலை என்று கேட்பார்கள். நாங்கள் கரையோரம் பிடிக்கிற இறால், மடவை, கொடுவா எல்லாம் குஞ்சுப் பருவத்தில் வளர்வது அடையாற்று முகத்துவாரம், கோவளம் கழி போன்ற இடங்களில்தான். பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளத்தில் கடலைச் சேர்கிறது. அங்கே தண்ணீர் கெட்டால் அதன் கேடு கடல்வரை வரும். அதனால் சென்னையில் நீர்நிலைச் சீரமைப்பு என்று எங்கே கூட்டம் போட்டாலும் போய் உட்காருகிறேன். அங்கே கற்றதில் உங்கள் ஊர் ஏரிக்கும் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது ஆழம். "சார், எத்தனை அடி வெட்டப்போறீங்க, கரை எப்படிச் சரியும்?" என்று கேளுங்கள். நம் ஊரில் சீரமைப்பு என்றாலே தூர்வாருவது, கரையைச் செங்குத்தாக உயர்த்துவது, மேலே நடைபாதை போடுவது என்று ஆகிவிட்டது. குடிநீர் ஏரிக்கு ஆழம் தேவைதான். சதுப்புக்கு அது பொருந்தாது. வாடைக்காற்றோடு வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் முங்கி இரை தேடுபவை அல்ல. தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, அலகு எட்டும் தூரத்தில் இருக்கிற விதையையும் புழுவையும் தின்பவை. அவற்றுக்கு முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வேண்டும். உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவே அதிகம். கிண்ணம் மாதிரி வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்கும், வாத்து வராது. வீச்சுவலையோடு இறங்குகிறவருக்கும் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. பறவைக்கும் மனிதருக்கும் தேவைப்படுவது அதே சாய்வான விளிம்புதான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பறவை ஆர்வலர்களோடு ஒரே பக்கத்தில் உட்கார என்னால் முடிந்தது.

இந்த ஆழக் கணக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஏரிகளில் காட்டரிசி என்று ஒன்று விளைகிறது. நம் நெல் அல்ல, தண்ணீரில் தானே முளைக்கிற வேறொரு புல். அதற்கும் ஒன்றிலிருந்து மூன்று அடித் தண்ணீர்தான் சரி. கோடையின் தொடக்கத்தில் இலை நீர்மேல் மிதக்கும் பருவத்தில் மட்டம் திடீரென்று ஏறினால் வேரோடு பிடுங்கிக்கொள்ளும். ஆகவே அங்கே ஏரியை மீட்பது என்றால் பெரும்பாலும் வெளிப்போக்கை ஒழுங்குசெய்து நீர்மட்டத்தைக் காப்பதுதான். கதிர் திரும்பினால் வாத்துக் கூட்டமும் திரும்புகிறது, வேட்டைக்காரர்களும் வருகிறார்கள். அந்த மண்ணின் ஒஜிப்வே மக்கள் 1837-இல் நிலத்தை ஒப்படைத்தபோதே வேட்டையாட, மீன்பிடிக்க, காட்டரிசி சேகரிக்கத் தங்களுக்குள்ள உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அது செல்லும் என்று 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் போய் 160 ஆண்டுகளுக்குப் பிறகும் காகிதம் பேசியது. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான்.

வேட்டையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வாடை மாதங்களில் கிளுவை வாத்துக் கறி சமைத்த வீடுகளை எங்கள் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்தோடு வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. அந்தத் தடை சரி என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இவ்வளவு சுருங்கிப்போன சதுப்புகளில் துப்பாக்கிக்கும் கண்ணிக்கும் இனி இடமில்லை. யாராவது கிளுவை என்று விற்றால் வாங்காதீர்கள்.

ஆனால் வேட்டைக்காரனைத் தடுக்கப் போட்ட வேலி மற்றவர்களையும் சேர்த்தே தடுக்கிறது. என் மனத்தாங்கல் அங்கேதான். பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் மிச்சமிருந்ததும் கட்டடமாகியிருக்கும். ஆனால் காப்புக்காடு என்று ஆனதும் உள்ளே நுழைவது, மீன்பிடிப்பது, மாடு மேய்ப்பது எல்லாம் வனத்துறையின் அனுமதிக்குள் போய்விடுகின்றன. அடையாறு சிற்றோடையில் 58 ஏக்கர் மீட்கப்பட்டு 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கட்டட இடிபாடும் சாக்கடையும் கிடந்த இடத்தில் பறவை திரும்பியது பெரிய காரியம். பல ஆண்டுகள் அதற்குள் பள்ளிப் பிள்ளைகளும் முன்அனுமதி பெற்றவர்களும் மட்டுமே போக முடிந்தது. எங்கள் கரையில் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "கழியைச் சுத்தம் பண்றது நல்லதுதான் தம்பி. கழியை நம்பிப் பொழச்சவங்க எங்க எறங்குவாங்க?" அந்தக் கேள்வியை அப்படியே ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன்.

வேலிக்குப் பதில் காலண்டர் கேளுங்கள் என்பது என் அனுபவத்தில் பலித்த யோசனை. "எப்போதும் கூடாது" என்பதை யாரும் மனதார ஏற்பதில்லை. "இந்த மாதங்களில் கூடாது" என்றால் ஏற்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குறை சொல்லிக்கொண்டே என்றாலும் அந்தக் கட்டுப்பாட்டோடு தொழில் நடக்கிறது. சதுப்பிலும் வலசை மாதங்களில் உள்ளே இறங்காமல், கோடையில் குறிப்பிட்ட வலைக்கு, குறிப்பிட்ட ஆட்களுக்கு இடம் விடலாம். ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையே நீர்நிலையை அறிவோடு பயன்படுத்துவதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. பள்ளிக்கரணையில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கூட்டத்தில் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே முன்னுதாரணமும் இருக்கிறது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார்தான் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் ஊராருக்குக் கவுல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊருக்குத் தெரியும். காவலும் பலனும் ஒரே கையில் இருந்ததால் அந்தக் காவல் தலைமுறைகளைத் தாண்டி நின்றது.

ஆகவே வேலி வருவதற்கு முன்பே வரைபடம் போட்டுவிடுங்கள். எந்தப் பாதையில் யார் இறங்குகிறார்கள், எங்கே வலை காய்கிறது, எந்த மாதம் எந்த மீன் என்று ஊர்க்கூட்டத்தில் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கையால் நண்டு, இறால் தடவுகிற இடங்கள் அவர்களுக்குத்தான் தெரியும். கடலோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, மீனவக் குடியிருப்புகளையும் அவர்களது பொது இடங்களையும் உள்ளூர் அளவிலான வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. உங்கள் குப்பம் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் கருத்துக்கேட்புக் காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த வாக்குறுதி, அதிகாரி மாறினால் போய்விடும். 2023-இல் எங்கள் லூப் சாலை மீன்கடைகளை அகற்ற வந்தபோது, சாலை வருவதற்கு முன்பே நாங்கள் இருந்தோம் என்பதை நாங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் புதிய மீன் அங்காடி திறந்துவிட்டது. ஆனாலும் பழைய புகைப்படம், ரசீது, சங்கக் கடிதம் எதையும் யாரும் தூக்கிப் போடவேண்டாம் என்று இன்றைக்கும் சொல்லிவருகிறேன்.

பறவைக் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெயில் ஏறுவதற்கு முன்னால், பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையோரம் ஒதுங்கி நின்று சதுப்பைப் பாருங்கள். வாகனங்கள் வேகமாக வரும் சாலை, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வாத்து எந்தத் திட்டில் மேய்கிறது, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆழம் வெட்டப்போகிறோம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லும்போது அந்த நோட்டை மேசைமேல் வைக்கலாம்.