ஜவ்வு விலகிவிட்டதா?

சென்னை நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகைத் தள்ளிக் கரையேற்றும் ஆண்களுக்கும் மீன்கூடை சுமக்கும் பெண்களுக்கும் இடுப்பு வலி புதிதல்ல. "ஜவ்வு விலகிடுச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால், முதுகில் ஏறி மிதித்து அதை உள்ளே தள்ள ஆள் தேடுவது நம் ஊர்களின் வழக்கம்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு அப்படி நழுவுவதில்லை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசைகின்றன. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும் ஜவ்வு கிடையாது. மற்ற இடங்களில் அது மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுக ஒட்டியே இருக்கிறது. வெளியே பல அடுக்கு நார், உள்ளே நீர் நிறைந்த கூழ். நார் நைந்து, கூழ் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து பாதம்வரை வலி இழுக்கும். இதை 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தெளிவாக்கினார்கள். பிதுங்கியதை மிதித்து உள்ளே அனுப்ப முடியாது. பலருக்கு உடலே சில மாதங்களில் அதைச் சுருக்கிவிடுகிறது. நரம்பு ஏற்கெனவே அழுந்தியிருக்கும்போது மிதித்தால் காலே செயலிழக்கலாம். தயவுசெய்து மிதிக்க விடாதீர்கள்.

ஸ்கேன் அறிக்கையில் "தேய்மானம்" என்று பார்த்ததும் இனி கடலுக்கே போகக் கூடாது என்று முடிவு கட்டவேண்டாம். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் 20 வயதில் மூவரில் ஒருவருக்கு அது தெரியும்; 80 வயதில் ஏறக்குறைய எல்லோருக்கும். வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் வைத்தியமல்ல. சாதாரண இடுப்பு வலிக்கு ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் போதும் என்று 1986இலேயே ஆய்வு காட்டிவிட்டது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொரு நம்பிக்கை: முதுகு வலி என்றாலே சுமை தூக்கியதால்தான் என்பது. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, ராத்திரியிலும் விடாத வலி இருந்தால் அது முள்ளெலும்பைத் தாக்கும் காசநோயாக இருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டதும் ஆபரேஷன், ஆயுசுக்கும் படுக்கை என்று குடும்பமே உடைந்துபோகிறது. அப்படி அஞ்ச வேண்டியதில்லை என்று காட்டியது நம் சென்னைதான். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் நடக்க முடிந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அறுவையோடு மருந்தும், மற்றவர்களுக்கு ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து மட்டுமே கொடுத்து, நடமாடவும் விட்டது. 1999இல் வெளியான பத்தாண்டு முடிவில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் நலமாக இருந்தார்கள். அறுவையால் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த மருந்துகள் இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். நடுவில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

முதுகு வலியோடு சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டால் அல்லது கட்டுப்படாமல் போனால், தொடையிடுக்கு மரத்தால், கால் துவண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அப்போதே கூட்டிப்போங்கள்.