பொடக்காளித் தோட்டம்: புதுவீட்டுக்காரர்களுக்கு ஒன்பது சொல்

புதுமனை புகுவிழா முடிந்த கையோடு, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ரெண்டு சென்ட் பொடக்காளியைக் காட்டி, "இங்க காய் போடலாமுங்களா?" என்று கேட்கிற பிள்ளைகள் எங்கள் ஈரோட்டுப் பக்கம் இப்போது அதிகம். தாராளமாகப் போடுங்கள் கண்ணுகளா. நாற்றுப்பண்ணைக்கு வண்டியை எடுக்கும் முன் இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். கொங்குச் சீமையை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். கடலோரத்தாரும் மலைக்காரரும் மாதத்தை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம்.

1. முதல் வேலை, கடப்பாரையை எடுத்துத் தோண்டிப் பார்ப்பது. வீடு கட்டியவர்கள் மிச்சக் கலவை, உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு எல்லாவற்றையும் பின்பக்கம் கொட்டி, மேலாக ஒரு லோடு செம்மண்ணை நிரவிவிட்டுப் போயிருப்பார்கள். பார்வைக்குச் செவேலென்று இருக்கும். ஒன்றரை அடி தோண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்த மண் களராகத் திரும்பும். அதில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சங்கதி இதுதான். உரக்கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் இது தீராது, குப்பையை அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ளிய குழியில் தோட்டத்து மண்ணும் மக்கிய தொழுவுரமும் போடுங்கள். மக்கியது என்றால், கையில் எடுத்து முகர்ந்தால் சாணி வாடை வரக்கூடாது. பச்சைச் சாணியைக் கொட்டினால் வண்டுப் புழுவுக்கு நீங்களே விருந்து வைத்த மாதிரி.

2. வெயில் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். இரண்டு மாடி வீட்டின் வடபுறம் அப்போது உச்சிவேளையிலும் நிழல்தான். அதே வடபுறத்தில் ஆனியில் நிழலைத் தேட வேண்டும், ஏனென்றால் சித்திரை தொடங்கிச் சில நாளில் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய், ஆவணியில்தான் திரும்பும். பங்குனியில் இடம் பார்த்து "இங்கே நல்ல வெயில்" என்று கத்தரி நட்டவர், தை மாதம் காயில்லாமல் விழிப்பது இதனால்தான். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். வடபுறத்துக்குக் குளிர்காலத்தில் புதினா, வெற்றிலைக்கொடி, கற்பூரவல்லி போதும்.

3. சித்திரையில் தொடங்காதீர்கள். பள்ளிக்கூட லீவு, கையில் நேரம், ஆசை எல்லாம் அப்போதுதான் கூடி வரும். ஆனால் கத்தரி வெயிலில் புதுநாற்று நட்டால், நீங்கள் ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போவதைவிட ஆகாயத்துக்குப் போவது அதிகம். தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்த்துக்கொண்டே நிற்கும். அந்த மாதத்தில் நிலத்தைக் கொத்திக் காயப்போடுங்கள். புழுவும் களைவிதையும் வெயிலில் சாகட்டும். கோடைமழை ஒன்று விழுந்ததும் சணப்போ தக்கைப்பூண்டோ நெருக்கமாக விதையுங்கள். ஆறேழு வாரத்தில் பூவெடுக்கும். பூ முற்றுவதற்குள் மடக்கி மண்ணிலேயே கொத்திவிட்டால் ஆடிக்கு மண் பொதபொதவென்று ஆகிவிடும். "காசு கொடுத்து விதை வாங்கி மண்ணில் புதைக்கிறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

4. ஆடிப்பட்டத்தின் பெருமை எல்லோருக்கும் தெரியும், ஆடிக்காற்றைத்தான் மறந்துவிடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேகாற்று ஆனி ஆடியில் நம் பக்கம் சும்மா விடாது. மேற்கு ஓரத்தில் அகத்தியை வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். கீரைக்குக் கீரை, காற்றுக்கு வேலி. பந்தல் கால் இரண்டடி ஆழமாவது இறங்க வேண்டும். முருங்கைக்கு மேற்கு ஓரம் ஆகாது, முறிந்து விழும். இடம் குறைவாக இருந்தால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 விதை போடுங்கள். ஆறாம் மாதமே காய்க்கும், வருஷம் ஒருமுறை மூன்றடியில் வெட்டிவிட்டால் மறுபடி தழையும். வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கன், பாகல் எல்லாம் நேரடி விதைப்பு. கத்தரி, மிளகாய், தக்காளியை நாற்றுவிட்டு, ஒரு சாயங்காலமாகப் பார்த்துப் பிடுங்கி நடுங்கள்.

5. கொடி பூத்தும் பிஞ்சு வைக்கவில்லை என்று பதறி வருகிறவர்களுக்கு ஒரே பதில்: முதலில் வருவது ஆண்பூ. பூசணி, பாகல், பீர்க்கன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண்பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண்பூ. பெண்பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். சுற்றிலும் வீடும் சிமெண்டுத் தளமுமாக இருக்கிற இடத்தில் இது சகஜம். ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, நடுவில் மகரந்தம் இருக்கும் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்குக் காலை எட்டு மணிக்குள் செய்தாக வேண்டும், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். பீர்க்கனும் சுரையும் சாயங்காலம் மலர்கிற சாதி. அவற்றுக்கு விளக்கு வைக்கிற நேரம். ஒட்டியதா என்று மூன்றாம் நாள் பிஞ்சைப் பார்த்தாலே தெரியும்: ஒட்டியிருந்தால் பருத்து, பளபளப்பு ஏறி, காம்பு வளைந்து தொங்கத் தொடங்கும்.

6. புரட்டாசிக் கடைசியில் மண்வெட்டியை எடுத்துப் பாத்தி மட்டத்தை மாற்றுங்கள். கோடையில் பாத்தி தாழ்ந்தும் வரப்பு உயர்ந்தும் இருந்தது சரி, தண்ணீர் நிற்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் அதே பாத்தியில் தண்ணீர் ரெண்டு நாள் நின்றால் மிளகாய் வேர் அழுகிவிடும். மண்ணை வாரி அரையடி மேடாக்கி, தண்ணீர் வடிய நடுவில் வாய்க்கால் விடுங்கள். மாசி பிறந்ததும் மறுபடி இறக்கிவிடலாம். தொட்டியில் வளர்ப்பவர்கள் அடித்துளையில் குச்சி விட்டு அடைப்பு எடுத்தால் போதும்.

7. ஆடியில் போட்ட பந்தல் அவரை, ஐப்பசி வரை வெறும் இலையாகப் படர்ந்து கிடக்கும். வெட்டிவிடாதீர்கள். பகல் குறைந்தால்தான் அது பூக்கும்; கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாக வரும். கூடவே அசுவினியும் வரும், நம் பக்கத்தில் பேன் என்போம். நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும். எறும்பு வரிசை ஏறினால் பேன் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். விடிகாலைப் பனி இலையில் இருக்கும்போதே சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், ஒட்டிக்கொள்ளும். கேஸ் அடுப்புக்காரர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் தெளிக்கட்டும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சு நோய். அதற்கு மருந்து கிடையாது. செடியை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். பாவம் பார்த்தால் வரிசை முழுக்கப் போகும்.

8. தைப்பட்டத்துக்கும் விதை உண்டு, ஆனால் அதற்குள் உங்கள் போர்த் தண்ணீரைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மழை நின்று போர்த் தண்ணீர் மட்டும் பாயத் தொடங்கினால், உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் வரப்பு ஓரம் வெள்ளையாகப் பூத்துவிடும். அவரையும் பீன்ஸும் அங்கே தேறாது. கீரைத்தண்டும் கொத்தவரையும் ஓரளவு தாங்கும். மொட்டைமாடி மழைத் தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடித்துவைக்க முடிந்தால் நாற்றுக்கு மட்டுமாவது அதை விடுங்கள்.

9. மயில். இதை யாரும் புத்தகத்தில் எழுதுவதில்லை, நம் ஊரில் இதுதான் பெரிய பாடு. முளைத்த அவரையை வரிசை பிடித்துக் கொத்திக்கொண்டு போகும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அதன்மேல் கை வைக்கக்கூடாது, வைக்கவும் மனசு வராது. விதை போட்ட அன்றே பழைய மீன்வலையைக் குச்சி நட்டு மேலே கட்டிவிடுங்கள். நாலு இலை வந்த பிறகு கட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.