துருவன் கதையின் மீதிப் பாதி

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும். இத்தனை எச்டிபி புளோக்குகளுக்கு நடுவில் அதைப் பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் துருவன் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். தவம் செய்தான், பெருமாள் காட்சி கொடுத்தார், நட்சத்திரம் ஆனான். சமய வகுப்பில் அதோடு முடித்துவிடுவார்கள்.

பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்தில் நடுவில் இன்னொரு பகுதி இருக்கிறது. காதல் முறிவு, சின்ன வயசுக் காயம், மனநோய் மூன்றையும் சுமந்துகொண்டு படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் நம்மிடையே உண்டு. டிப்ரெஷனுக்கு மருந்து சாப்பிடும் நானும் அதில் ஒருவன். நமக்குத் தேவையானது அந்தப் பகுதிதான்.

1. மடியில் இடம் இல்லை

துருவனுக்கு அப்போது ஐந்து வயது. தம்பி உத்தமன் அப்பா உத்தானபாதன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். துருவனும் ஏறப் போகிறான். சிற்றன்னை சுருசி தடுக்கிறாள். "உனக்கு அந்த உரிமை இல்லை" என்பதுதான் அவள் பேச்சின் சாரம். அப்பா வாயே திறக்கவில்லை. கவனியுங்கள், காயம் இரண்டு: ஒருத்தர் சொன்ன சொல், இன்னொருத்தர் சொல்லாமல் விட்டது.

துருவன் நேராக அம்மா சுநீதியிடம் ஓடினான். அவள், "பெரியவங்க அப்படித்தான், கண்ணைத் துடை" என்று அடக்கவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள். பிறருக்குக் கெடுதல் நினைக்காதே என்றாள். பகவானைச் சரணடையச் சொன்னாள். வழியில் நாரதர் வந்து, தவம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார். பகவானே தேடி வந்த அந்தக் குழந்தைக்கும் முதலில் கேட்க ஒரு அம்மா, அப்புறம் வழிகாட்ட ஒரு குரு தேவைப்பட்டார்கள்.

2. மறுபடியும் கோபம்

வருஷங்கள் ஓடின. துருவன் ராஜா ஆகிவிட்டான். வேட்டைக்குப் போன உத்தமனை இமயமலையில் ஒரு யட்சன் கொன்றுவிட்டான். அன்று அப்பா மடியில் இருந்த அதே தம்பி. துருவன் படையெடுத்துப் போய், தப்பே செய்யாத யட்சர்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றான்.

பெருமாளை நேரில் பார்த்தவன்தான் இவன்! அப்படியும் இழப்பு வந்தபோது நிலை தடுமாறினான். அதற்காகப் பாகவதம் அவனைப் போலி பக்தன் என்று சொல்லவில்லை. தாத்தா சுவாயம்புவ மனு வந்தார், "ஒருவன் செய்த குற்றத்துக்கு எத்தனை பேரைக் கொல்வாய்?" என்று தடுத்தார். துருவன் நிறுத்தினான். நட்சத்திரப் பதவிக்குப் போனது இதெல்லாம் நடந்து, நெடுங்காலம் ஆண்ட பிறகுதான்.

3. நமக்கும் இதே கதைதான்

ஒரு பிரேக்அப்புக்கு இத்தனை நாள் ஏன் அழறோம்னு சில பேர் கேட்பாங்க. இன்ஜினியரிங் மாணவனாக இதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் உலோகச் சோர்வு. சின்னச் சின்னப் பாரம் திரும்பத் திரும்ப ஏறும்போது உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளரும். கடைசியில் சாதாரணப் பாரத்துக்கே அது உடையும். அந்தக் கடைசிப் பாரத்தை மட்டும் பார்த்தால் காரணம் புரியாது.

"நீ வேணாம்" என்று காதலித்தவர் சொல்லும்போது, ஐந்து வயதில் கேட்ட "உனக்கு இடமில்லை"யும் சேர்ந்து ஒலிக்கிறது. அதனால் வலியைப் பிரித்துப் பாருங்கள். பிரிவுக்குத் தேவை நாளும் நண்பர்களும். பழைய காயத்துக்கு, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த கவுன்சலர். தூக்கம், பசி, எழுந்திருக்கும் தெம்பு எல்லாம் வாரக்கணக்கில் போனால் டாக்டர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

4. கோயிலும் வேணும், டாக்டரும் வேணும்

"சாமி கும்பிட்டா எல்லாம் சரியாயிடும், மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றி 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. நோயின் தீவிரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. தனிச் சடங்கு எதுவும் இல்லை. காலைப் பூஜை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே தங்கிய குடும்பத்தார், மிரட்டாத சூழல், இவ்வளவுதான். நோய் குறைந்தது, முழுதாகப் போய்விடவில்லை. அந்த ஆதரவின் மதிப்பும் அதன் எல்லையும் இரண்டுமே இதில் தெரிகிறது.

ஆகவே சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிடுங்கள். மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மனநலக் கழகத்தின் 'சாட்' சேவையில் 16 முதல் 30 வயதுள்ளவர்கள் இலவசமாக மனநலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 1771 தேசிய மனநல உதவி எண். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே 1767க்கு அழையுங்கள். இரண்டுமே 24 மணி நேரமும் உண்டு. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை. போலீஸுக்குப் பயந்து யாரும் வாய் மூடி இருக்க வேண்டாம்.

சிந்திக்க, பேச

• உங்கள் சுநீதி யார்? கடைசியாக எப்போது அவரிடம் மனம் விட்டுப் பேசினீர்கள்?
• நல்லா ஆனவர் மறுபடியும் சோர்ந்தால், நாம் மனு மாதிரி பக்கத்தில் போகிறோமா, "பக்தி பத்தலை" என்கிறோமா?
• உத்தானபாதன் மாதிரி நாம் பேசாமல் இருந்த இடம் எது?

இந்த வாரம் ஒரு நண்பரைத் தேக்காவுக்குக் கூப்பிட்டு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். அறிவுரை வேண்டாம். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.