கொல்லைப்புறத்துச் செங்கல் அடுப்பு

நெல் புழுக்கவும், வெந்நீர் காய்ச்சவும், விசேஷ நாட்களில் அண்டா ஏற்றவும் கொல்லையில் மூன்று கற்களைக் கூட்டித் தீ மூட்டுவது நெடுநாளைய வழக்கம். இன்று நெல் பெரும்பாலும் ஆலைகளிலேயே புழுக்கப்படுகிறது. வீட்டினுள் எரிவாயுவும் வந்துவிட்டது. ஆயினும் பெரும் பாத்திரத்திற்குக் கொல்லை அடுப்பே கதி. கல் சரிந்து கொதிநீர் கவிழ்வதும், காற்றில் பறந்த பொறி கூரையைப் பற்றுவதும் இவ்வழக்கத்தோடு வரும் ஆபத்துக்கள். சுமார் 75 செங்கற்களும் இரண்டு நாள் உழைப்பும் இருப்பின் இவற்றைப் பெரிதும் தவிர்க்கலாம்.

முதலில் கவனிக்கத்தக்கது இடம். கூரை, வைக்கோற்போர், மாட்டுக்கொட்டில் ஆகியவற்றிற்குக் குறைந்தது 20 அடி தள்ளி, மழைநீர் தேங்காத மேட்டில் அமைக்கவேண்டும். தென்கிழக்கை அக்கினி மூலை என்று பெரியோர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்றும், ஐப்பசியில் வரும் வடகிழக்குக் காற்றும் அம்மூலையிலுள்ள பொறியை வீட்டின்மேல் கொண்டுசெல்லா. ஆனால் கடலோரக் கிராமங்களில் கோடைக்காலத்துப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்தே வீசும். அங்கே அதே மூலை வீட்டிற்குப் பகையாகும். ஆகையால் சாஸ்திரத்தைக் கேட்பதோடு காற்றையும் கேட்பது உத்தமம். அடுத்த வீட்டுக் கூரையையும் மறத்தலாகாது.

செங்கல் நன்றாக வெந்ததாக இருக்கவேண்டும். இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழலாகாது. ஆற்றுக் கற்களை இதற்கு உபயோகிக்கலாகாது. அவற்றினுள் தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும்; சில்லு கண்ணில் பட்டால் பார்வை போகும்.

சாந்து விஷயத்திலேதான் பலர் தவறுகின்றனர். உறுதி வேண்டிச் சிமெண்டு பூசுகின்றனர். சிமெண்டு இறுகும்போது நீரின் ஒரு பகுதியைத் தன்னுள் கட்டிக்கொள்கிறது. கடுஞ்சூட்டில் அந்நீர் வெளியேற, சாந்து பொடிந்துபோகிறது. களிமண்ணோ தீயில் வேக வேக இறுகும். புற்றுமண் கிடைத்தால் மிகவும் நல்லது. ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு மணல் சேர்த்துப் பிசைந்து, ஓர் உருண்டை பிடித்து நிழலில் உலர்த்திப் பார்க்கவேண்டும். வெடித்தால் மணலும், உதிர்ந்தால் மண்ணும் கூட்டுக.

தரையை அரை அடி வெட்டி, மணல் பரப்பித் திமிசு போட்டு, தரைமட்டத்திற்குச் செங்கல் பாவுக. அதன்மேல் 9 அங்குல நீளமுள்ள கற்கள் ஒன்பதை வட்டமாகப் படுக்கவைத்தால் உள்விட்டம் ஏறக்குறைய 2 அடி வரும். கற்களை நீரில் நனைத்தே வைக்கவேண்டும். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆறு வரிசை போதும். காற்று வரும் திசை நோக்கி ஒரு கல் அகலம் வாய் விட்டு, இரண்டாம் வரிசையின்மேல் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே பதிக்கவேண்டும். சாம்பல் கீழே விழ, காற்று அடியிலிருந்து ஏறும். விறகு புகையாது எரியும். நான்கு வரிசைக்குமேல் வாயை மூட, பழைய வண்டிப்பட்டைத் துண்டு ஒன்று போதுமானது. உச்சியில் இரண்டங்குல உயரத்தில் மூன்று குமிழ்கள் அமைத்தால் அண்டா அசையாது; தீயின் கொழுந்தும் வெளியேற வழியுண்டாம். அண்டாவின் அடி உள்விட்டத்தைவிடச் சற்று அகன்றிருக்கவேண்டும்.

கட்டிய அன்றே தீ மூட்டுவது பெரும்பிழை. பத்து நாள் நிழலில் உலரவிட்டு, பின்னர் மூன்று நாள் சருகும் சுள்ளியும் கொண்டு சிறுதீ எரித்து, நான்காம் நாளே விறகு வைக்கவேண்டும். கொதிக்கும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் கல் விண்டுபோகும். மண்ணைத் தூவி அணைப்பதே முறை.

சங்கத்தார் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து ஒரே வண்டியில் கல் தருவித்தால் வண்டிச் சத்தம் குறையும்.

குழந்தைகளை அடுப்பருகே விடலாகாது. தீப்புண் பட்டால் மை முதலியன பூசாது, உடனே 20 நிமிஷம் குளிர்ந்த நீரை அதன்மேல் விட்டு, வைத்தியரிடம் காட்டவேண்டும். மறுநாட் காலையிலும் சாம்பலினடியில் கங்கு உயிரோடிருக்கும். கையால் தொட்டு ஆறியதென்று கண்ட பின்னரே அதை எருக்குழியில் கொட்டுக.