கரைக்குக் கீழே நடந்து பாருங்கள்: மண் அணை வைத்திருப்போருக்கு மழைக்கால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடித்துக்கொள்ளும். எஸ்டேட்டோ தோப்போ பண்ணையோ, உங்கள் நிலத்தில் மண் கரை கட்டி நீர் தேக்கியிருந்தால், முதல் வேலையைக் கரைக்குக் கீழே தொடங்குங்கள். கரை உடைந்தால் தண்ணீர் எந்த ஓடையில் இறங்கும், எங்கே பரவும் என்று அந்த வழியே நடந்து பாருங்கள். வீடுகள், தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, தரைப்பாலம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அணையின் அபாய வகையைத் தீர்மானிப்பது அந்தக் குறிப்புதான். கரையின் உறுதி வேறு கணக்கு. உடைந்தால் உரிமையாளரின் பயிர் மட்டும் போகும் என்றால் குறைந்த அபாயம். சாலையும் பிறர் சொத்தும் சேதப்படும் என்றால் நடுத்தரம். ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் உயர் அபாயம். கீழே புதிதாக வீட்டுமனைகள் வந்துவிட்டால் பழைய வகை செல்லாது.

ஹவாயின் கவாய் தீவில் 1890இல் கட்டப்பட்ட கா லோகோ, தனியார் நிலத்திலிருந்த மண் அணை. குறைந்த அபாயம் என்றே பதிவாகியிருந்தது. நீண்ட மழைக்குப் பின் 2006 மார்ச் 14 அன்று அது உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். மிகை நீர் வழியும் கலிங்கு மண்போட்டு மூடப்பட்டிருக்கக்கூடும் என்று பின்னர் நடந்த விசாரணை கருதியது.

ஆகவே கலிங்கை இன்றே திறந்துவிடுங்கள். கூடுதலாக நீர் நிற்கட்டும் என்று அடுக்கிய மணல் மூட்டை, பலகை, மீன் தப்பாமல் கட்டிய வலை எதுவும் அதில் இருக்கக் கூடாது. மண் கரைக்கு மேலாகத் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்திலேயே கரை அறுந்துவிடும். கரையின் மேல்மட்டத்தில் எங்காவது அமிழ்ந்திருந்தால், களிமண் இட்டுத் திமிசு போட்டுச் சமன் செய்யுங்கள்.

அடுத்து மதகுக் குழாயைச் சுற்றியும் கரையின் வெளிப்புற அடிவாரத்திலும் கசிவைத் தேடுங்கள். தெளிவான கசிவை நாள்தோறும் அளந்து எழுதி வையுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே பொறியாளரை அழைத்து, நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்குங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக வடித்தால் உட்சரிவு சரிந்துவிடும். எலி, நண்டு வளைகளைத் தோண்டிக் களிமண்ணால் இறுக அடையுங்கள். சீமைக்கருவேலப் புதர்களை வெட்டலாம். பெரிய மரத்தை இப்போது வேரோடு பிடுங்க வேண்டாம், அந்தக் குழியே நீருக்கு வழியாகிவிடும்.

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் கட்டுப்படுத்துகிறது. அவற்றுக்குத் தனியார் உரிமையாளரும் பொறுப்பு. பெரும்பாலான பண்ணைக் கரைகள் இதற்குள் வராது. அங்கே கண்காணிக்க உங்களைத் தவிர ஆளில்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

கென்யாவின் சோலாயில் 2018 மே 9 அன்று தனியார் பண்ணை அணை உடைந்தது இரவு வேளையில். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனமழை இரவுகளில் கரைக்கு டார்ச்சோடு ஓர் ஆளை அமர்த்துங்கள். கீழேயுள்ள ஒவ்வொரு வீட்டின் தொலைபேசி எண்ணும் அவரிடம் இருக்கட்டும். எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் இப்போதே நேரில் சொல்லிவிடுங்கள். கரையில் விரிசலோ கலங்கல் ஊற்றோ கண்டால் முதலில் அவர்களை எழுப்ப வேண்டும். அடுத்த அழைப்பு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, எண் 1077.