ஓடுவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்!
(ஒரு பழைய ஆல்டூரா எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டதும், "உன் வண்டிக் கதையை எழுதுடா மாப்ளே" என்றான் என் பெஞ்ச் நண்பன். கதை மட்டும் எழுதினால் அது புலம்பலாகிவிடும். அதனால் கொஞ்சம் கதை, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பாடம் என்று கலந்து எழுதுகிறேன். ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் பிழை பொறுக்கவும். மற்ற பிரிவினர் பயப்படாமல் படிக்கவும்.

எஸ்டேட் என்றால் என்ன?

நம்ம ஊரில் எஸ்டேட் என்றால் வால்பாறைத் தேயிலைதான் ஞாபகம் வரும். கார் உலகில் எஸ்டேட் என்பது, செடான் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியையும் உள்ளே சேர்த்து, பின்னால் ஒரு பெரிய கதவு வைத்த வண்டி. அமெரிக்கர்கள் இதையே ஸ்டேஷன் வேகன் என்பார்கள். சாமான் ஏற்றத்தான் பிறந்தது என்றாலும், வேகத்துக்கும் பேர் வாங்கிய எஸ்டேட்டுகள் உண்டு. 1994-ல் வால்வோ கம்பெனி தன் 850 எஸ்டேட்டையே பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது. பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்களாம்! அதே ஆண்டில் ஆடியும் போர்ஷேயும் சேர்ந்து 315 குதிரைசக்தி கொண்ட ஆர்.எஸ்.2 என்ற எஸ்டேட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

நம் நாட்டில் 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் வீக்கெண்ட், மாருதி பலேனோ ஆல்டூரா என்று சில வந்தன. எதுவும் பெரிதாக விற்கவில்லை. அதனால்தான் இன்று ஒன்றைப் பார்த்தாலும் நம்மைப் போன்றவர்களுக்குக் கை பரபரக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படி ஓர் ஆல்டூரா. 2003 மாடல். மாமா வேறு கார் வாங்கிய பிறகு, நாலு வருஷம் வேப்ப மரத்தடியில் தார்பாய் போர்த்திக் கிடந்தது. "காயலான் கடைக்குப் போடறதுக்கு நீயே எடுத்துக்கோ மாப்ள" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு. போர் 75 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. முதல் வருஷம் படித்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 1590 சி.சி. வரும். அந்தக் காலத்தில் இது நல்ல வேகக்கார எஞ்சின்.

நான் செய்த தப்பு

அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 18,000 ரூபாய் கொடுத்தார். "பிரேக்கெல்லாம் நல்லாப் பார்த்துடுப்பா. குடும்பமே ஏறப் போற வண்டி" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? 9,000 ரூபாய்க்கு பழைய அலாய் வீல் நாலு. 4,500 ரூபாய்க்கு சத்தம் போடும் சைலன்சர். மீதியில் பேட்டரி, எஞ்சின் ஆயில். பிரேக்குக்கு? "மிதிச்சா நிக்குதே" என்று விட்டுவிட்டேன். ஆயில் டப்பாவில் பிரேக் ஆயில் காபி நிறத்தில் இருந்ததைப் பார்த்தும் மூடியை மூடிவிட்டேன். அம்மாவிடம் "எல்லாம் பார்த்தாச்சும்மா" என்றேன்.

ஆடி மாதம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பா, அம்மா, தங்கை, அத்தை, நான். பின்னால் சமையல் பாத்திரம், அரிசி, பை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ராஜா மாதிரி ஏறியது. சைலன்சர் சத்தத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இறங்கும்போதுதான் வினை. மூன்றாவது கியரில் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறங்கினேன். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன். தரை வரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

இரண்டாவது கியர், உடனே முதல் கியர், கூடவே ஹேண்ட் பிரேக். எஞ்சின் அலறியது. வளைவின் உள்பக்க மண் மேட்டில் உரசி நின்றோம். யாருக்கும் அடியில்லை. அத்தை சாமி பேரைச் சொல்லி அழுதார். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. "பார்த்தாச்சுன்னு சொன்னியேப்பா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஏன் அப்படி ஆயிற்று?

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது! ஆயில் எங்கும் ஒழுகவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கி, ஊர் வந்து சேர்ந்ததும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் எட்டாவது வரைதான் படித்தவர். கேட்டவுடனே, "ஆயில் கொதிச்சிருக்கு தம்பி" என்றார்.

நம் புத்தகத்தில் இதற்கு வேப்பர் லாக் என்று பெயர். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும், டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். தர அளவு சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை இது:

டாட் 3: புதிதாக 205 டிகிரி செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரி.
டாட் 4: புதிதாக 230 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி.

திரவத்தை அமுக்க முடியாது. அதனால்தான் கால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால், நம் கால் அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பேடை அல்ல. சூடு ஆறினால் குமிழி மறுபடி திரவமாகும், பெடல் திரும்பி வரும். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வதால் அதற்கு இந்த வியாதி கிடையாது. எங்களைக் காப்பாற்றியதில் அதற்குப் பாதிப் பங்கு.

இன்னொரு வியாதியும் உண்டு, அது ஃபேட். பேடும் லைனரும் சூடேறிப் பிடிப்பை இழப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் ஃபேட். பெடல் பஞ்சாகித் தரைக்குப் போனால் வேப்பர் லாக். வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்!

கொஞ்சம் கணக்கு

ஆட்கள், சாமானுடன் வண்டி எடை 1400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்த, பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 194 கிலோ ஜூல். 1000 மீட்டர் உயரம் கீழே இறங்கினால்? 1400 x 9.8 x 1000, அதாவது சுமார் 13,700 கிலோ ஜூல். அப்படியென்றால் 60 கி.மீ. வேகத்திலிருந்து 70 தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கு போட வேண்டும். எஞ்சின் பங்கு அதிகமாக வேண்டுமானால் இறக்கத்தில் சிறிய கியர். நியூட்ரலில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில்தான். பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து யோசிக்கவும்.

மறுபடி முதலிலிருந்து

அலாய் வீலையும் சைலன்சரையும் கழற்றி, வந்த விலைக்கு விற்றேன். 7,000 ரூபாய்தான் தேறியது. பிறகு அண்ணன் மேற்பார்வையில் வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பம். அவர் போட்ட வரிசை இதுதான்: நிற்பது, திரும்புவது, சூடு, கடைசியில் சக்தி.

1. நிற்பது: முன் காலிப்பரைக் கழற்றினால், ஸ்லைடு பின் இரண்டும் துரு ஏறி ஒட்டிக் கிடந்தன. ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருந்தது. அது எப்போதும் டிஸ்க்கை உரசிச் சூடேற்றியிருக்கிறது. பின் டிரம்மில் ஒரு வீல் சிலிண்டர் கசிந்து லைனரை நனைத்திருந்தது. பின் சுத்தம் செய்து பிரேக்குக்கான கிரீஸ் வைத்து, பேடு, லைனர், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. ஆயில் டாட் 4. டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம், சிலிகான் வகையான டாட் 5-ஐ ஊற்றக் கூடாது. பிறகு ஏர் எடுத்தோம். தங்கை பெடலை மிதிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூட, டப்பாவில் ஆயில் குறையாமல் அப்பா பார்த்துக்கொண்டார். தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யவும்.

2. திரும்புவது: லோயர் ஆர்ம் புஷ், டை ராடு எண்ட், ஷாக் அப்சார்பர் மாற்றினோம். "ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டினால் வண்டி சூப்பரா தாழ்ந்து நிக்கும்" என்று நண்பன் ஆசை காட்டினான். காயில் ஸ்பிரிங் சூத்திரத்தில் சுற்று எண்ணிக்கை கீழே இருக்கிறது. 8 சுற்றை 6 ஆக்கினால் விறைப்பு 33 சதவீதம் கூடும், அமுங்கும் தூரமோ குறையும். சாமான் ஏற்றும் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் அமுங்க இடம் வேண்டும். வெட்டியிருந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி வாங்கியிருக்கும். வெட்டவில்லை.

3. சூடு: ரேடியேட்டரை ஃப்ளஷ் செய்து, ஹோஸ், தெர்மோஸ்டாட் மாற்றி, தண்ணீருக்குப் பதில் கூலன்ட். கூடவே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். பெல்ட்டுக்குக் கிலோ மீட்டர் கணக்கு மட்டுமல்ல, வயசுக் கணக்கும் உண்டு.

4. சக்தி: கம்ப்ரஷன் பார்த்தோம். 170, 165, 120, 168 பி.எஸ்.ஐ. மூன்றாவது சிலிண்டர் வீக். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். அளவு ஏறினால் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றினால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் எரிந்திருந்தது. புது வால்வு வாங்கி, பேஸ்ட் போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து கையாலேயே கிரைண்டிங் செய்தேன். உள்ளங்கை கொப்பளித்தது.

வேலைக்கு முன்னும் பின்னும், சமதளச் சாலையில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 கி.மீ. எட்டும் நேரத்தைக் குறித்தேன். பழைய சைலன்சரில் 9.4 விநாடி. சத்த சைலன்சரில் 9.4 விநாடி. வால்வு வேலையும் பிளக்கும் முடிந்தபின் 8.2 விநாடி! 4,500 ரூபாய் எனக்கு வாங்கித் தந்தது சத்தம் மட்டுமே.

வீட்டில் வேலை செய்வோர் கவனத்துக்கு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத் துடையுங்கள்.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். எஞ்சின் ஆயில் பிரேக் ரப்பரைத் தின்னும். இரண்டையும் அதனதன் இடத்தில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் காலி மைதானத்தில், தனியாக.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றம் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு எஃப்.சி. பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நல்ல நிலையில் வைத்திருப்பவனுக்கு அந்த நாள் பயமில்லை.

முடிவாக

மாடிஃபிகேஷன் ஆசை தப்பில்லை நண்பர்களே. எனக்கும் இன்னும் இருக்கிறது. ஆனால் வண்டியை முதலில் அது பிறந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மாற்றுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

தை மாதம் மறுபடி கொல்லிமலை போனோம். கிளம்புமுன் அம்மா கேட்கவில்லை. நானே பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினேன். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஏறுங்க" என்றார். இறங்கும்போது இரண்டாவது கியர். 70 வளைவும் இறங்கிக் காரவள்ளியில் டீ குடித்தோம். டீக்கு அம்மாவே காசு கொடுத்தார்.

படித்ததைப் பட்டறையில் பாருங்கள், பட்டறையில் பார்த்ததைப் புத்தகத்தில் தேடுங்கள்.

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு