ஐசியூ-வில் ராத்திரி எங்கே போச்சு?



செமஸ்டர் சமயத்தில் மூணு நாள் சரியாத் தூங்கலைன்னா மண்டை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். படிச்சது நிக்காது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். நல்ல உடம்போட இருக்கிற நமக்கே இந்த நிலைமை. அப்போ தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும்? மூச்சுக்கு வென்டிலேட்டர், கையில் ட்ரிப்ஸ், தலைமாட்டில் கத்துகிற மானிட்டர், 24 மணி நேரமும் அணையாத லைட்டு.

இதை மருத்துவ மாணவர்களுக்கான பாடம்னு ஒதுக்கிடாதீங்க. வெளிச்சம், சத்தம், அலாரம், நேரம் எல்லாம் நம்ம பாடம்தான்.

நம்ம ஊர்ல இது ஏன் முக்கியம்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. வெள்ளிமலை, கரியாலூர் என்று கல்வராயன் மலைக் கிராமங்களில் யாருக்காவது ஆபத்தென்றால் மலையை விட்டு இறங்கித்தான் ஆகணும்.

ஒரு உதாரணம். ராத்திரி தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் கடிக்குது. கடிச்ச தடமே சரியாத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இமை சரியும், பேச்சு குழறும், மூச்சுத் தசையும் செயலிழக்கும். விஷமுறிவு மருந்தோடு, சில சமயம் பல நாள் வென்டிலேட்டர் தேவைப்படும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த விஷம் தசையைத்தான் கட்டிப்போடும். மயக்க மருந்து கொடுக்காத வரைக்கும் அந்த நோயாளிக்கு நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். கண்ணைத் திறந்து பகலா ராத்திரியா என்று பார்க்கத்தான் முடியாது.

சேவல் கூவினா எழுந்து, பொழுது சாய்ஞ்சா அடங்குற வாழ்க்கையிலிருந்து வந்தவருக்கு, பொழுதே இல்லாத ஒரு அறை!

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கு. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். தூக்கம், உடல் வெப்பம், ரத்த அழுத்தம், ஹார்மோன் சுரப்பு எல்லாத்துக்கும் தாளம் போடுவது அதுதான். இந்தத் தாளத்துக்குப் பேர் சர்க்காடியன் ரிதம். இதன் மரபணு இயக்கத்தைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது ஒரு ஆஸிலேட்டர். ஆனா துல்லியமான ஆஸிலேட்டர் இல்லை. மனிதர்களில் இதன் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். அதனால் தினமும் வெளியிலிருந்து ஒரு சிங்க் சிக்னல் வேணும். முக்கியமான சிக்னல் சூரிய வெளிச்சம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி செல்கள் இருக்கு. சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு அவை நன்றாக வேலை செய்யும். அவை "இப்போ பகல்" என்று கடிகாரத்துக்குச் சொல்லும். இருட்டினால் மெலடோனின் சுரக்கும்.

சிங்க் சிக்னல் வராத ஆஸிலேட்டர் என்ன ஆகும்? டிரிஃப்ட் ஆகும். ஐசியூ-வில் நடப்பது அதுதான்.

ஐசியூ-வில் என்ன நடக்குது?

வெயில் நேரத்தில் வெளியே வெளிச்சம் 50,000 லக்ஸைத் தாண்டும். ஐசியூ கட்டிலில் பகலில்கூட பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். ராத்திரியும் லைட்டு எரியும். கடிகாரத்தின் பார்வையில் பகலும் முழுசா வரலை, ராத்திரியும் முழுசா வரலை.

சத்தம்? ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பல நாடுகளில் அளந்து பார்த்ததில் ஐசியூ சத்தம் சாதாரணமாக 50-ஐத் தாண்டுகிறது. 20 டெசிபல்தானே என்று விட்டுடாதீங்க, டெசிபல் லாகரிதம்! ஒலித்திறனில் அது 100 மடங்கு.

இதோடு ஊசி, ரத்த மாதிரி, உடம்பு துடைப்பு, மணிக்கொரு பரிசோதனை. தூக்கம் துண்டு துண்டாகிப் பகலிலும் இரவிலுமாகச் சிதறிவிடும். ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைந்துவிடும். மயக்க மருந்து கொடுத்திருக்காங்களே, தூங்குறாரே என்று நினைக்கலாம். மயக்கம் வேற, தூக்கம் வேற. மூளை அலைகளைப் பார்த்தால் ரெண்டும் ஒன்று இல்லை.

இதன் ஒரு விளைவு டெலிரியம் என்ற மனக்குழப்பத்தில் தெரியலாம். திடீர்னு ஆளை அடையாளம் தெரியாது, ட்யூபைப் பிடுங்குவார், இல்லாததை இருக்கு என்பார். வெளியே காத்திருக்கும் குடும்பம் "புத்தி பேதலிச்சுருச்சோ" என்று கலங்கிப்போகும். நோய்த்தொற்று, மருந்து, ஆக்ஸிஜன் குறைவு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. தூக்கக் கேடும் அவற்றோடு பின்னிக்கிடக்கிறது.

கண்ணே பாதிக்கப்பட்டால்?

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை நாம யாரும் மறந்திருக்க மாட்டோம். மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நோயாளிகள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். "இப்போ பகல்" என்ற சிக்னலும் அதே நரம்பு வழியாகத்தான் போகுது. நரம்பு கடுமையாகச் சேதமானால் பார்வையோடு சேர்த்து இந்தச் சிக்னலும் அறுந்து போகலாம். அப்போ ஜன்னலைத் திறந்து வைப்பது மட்டும் போதாது.

வேற வழி இருக்கா? விடைக்கான ஒரு குறிப்பு மதுரையில் இருக்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் அவரது குழுவினரும் உயிர்க்கடிகார ஆய்வில் உலக அளவில் பேர் வாங்கியவர்கள். குகையின் கும்மிருட்டில் கூண்டில் வைத்த வௌவால், தன் கூட்டம் தினமும் குகையை விட்டுப் போய் வருவதை வைத்தே 24 மணி நேரத் தாளத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கூட்டம் இல்லாமல் தனியாக இருந்தபோது அதன் தாளம் நகர ஆரம்பித்தது. வெளிச்சமே இல்லாவிட்டாலும் உறவின் நடமாட்டமே சிங்க் சிக்னல்!

மனிதர்களுக்கு வெளிச்சம்தான் முதல் சிக்னல், வௌவால் முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சாப்பாட்டு நேரம், உடல் அசைவு, பழகின குரல் எல்லாம் துணைச் சிக்னல்கள். "அம்மா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி" என்று மகள் வந்து சொல்வது வெறும் ஆறுதல் இல்லீங்க, பொழுதைத் திருப்பிக் கொடுக்கிற தகவல்.

ஒரே மாத்திரை, ஒரே லைட்டு போதுமா?

போதாது. நெதர்லாந்தில் 700-க்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளிடம் பகலில் பிரகாசமாக மாறும் விளக்கைச் சோதித்தார்கள். 2016-ல் வந்த முடிவு: டெலிரியம் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் தினமும் 4 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2022-ல் அதையே சொன்னது. ஒரு சிக்னலை மட்டும் சரிசெய்து, மற்ற நாலு சிக்னலைக் குழப்பிவிட்டால் கடிகாரம் யாரை நம்பும்? அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவ சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், பல நடவடிக்கைகளைச் சேர்த்துச் செய்யும் தொகுப்பைப் பரிந்துரைக்கிறது:

1. பகலில் திரையை விலக்கி வெளிச்சம், இரவில் விளக்கு மங்கல்.
2. அவசரமில்லாத ரத்த மாதிரி, உடம்பு துடைப்பு போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்துச் செய்து, நடுராத்திரியில் சில மணி நேரம் தொந்தரவில்லாமல் விடுவது.
3. காதடைப்பானும் கண்மறைப்பும், நோயாளிக்குச் சம்மதமாக இருந்தால்.
4. மருத்துவர் அனுமதித்தால் பகலில் உட்காரவைப்பது, அசையவைப்பது.
5. மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, கண்ணில் படும்படி ஒரு கடிகாரம், ஒரு நாட்காட்டி.

இதில் எதற்கும் கோடிக்கணக்கில் மெஷின் வேண்டாம்.

நமக்கு என்ன வேலை?

மினி புராஜெக்ட் தேடுறவங்க இங்கே கவனிங்க.

சத்தம்: ஒரு மைக், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். ஆனா பேச்சைப் பதிவு செய்யக் கூடாது, நோயாளியின் அந்தரங்கம் அது. டெசிபலை போர்டிலேயே கணக்கிட்டு எண்ணை மட்டும் சேமிங்க. சராசரியில் ஏமாந்துடாதீங்க: பாதி நேரம் 40, பாதி நேரம் 80 டெசிபல் என்றால் சமமான அளவு 60 இல்லை, கிட்டத்தட்ட 77.

வெளிச்சம்: சென்சாரை மேசையில் வைக்காதீங்க. நோயாளியின் தலையணை அருகே, அவர் கண் பார்க்கும் திசையில் வைங்க. மல்லாந்து படுத்தவருக்கு விட்டத்து லைட்டு நேரா முகத்தில் அடிக்குதுன்னு அப்போதான் தெரியும்.

அலாரம்: 2009-ல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அலாரம் அடிக்கும் முன் 19 விநாடி பொறுத்தால், செவிலியர் கண்டுகொள்ளாத, பயனற்ற அலாரங்களில் 67 சதவீதம் காணாமல் போகும். எந்த அலாரத்தை எவ்வளவு தாமதிக்கலாம் என்பது மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு. எத்தனை அலாரம், எத்தனை மணிக்கு அடிக்குது என்ற டேட்டாவை நாம கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கட்டாயம். சென்சாரைத் தூக்கிட்டு நேரா உள்ளே போயிடாதீங்க! ராத்திரி டியூட்டி செவிலியர்களிடம் முதலில் பேசுங்க. எந்தச் சத்தம் தேவை, எது தேவையில்லை என்று அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அவங்களைக் குறை சொல்ல எடுக்கிற அளவா இது ஆகிடக் கூடாது.

உங்க வீட்டில் யாராவது ஐசியூ-வில் இருந்தா, பார்வையாளர் நேரத்தில் போய் அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கிழமை, நேரம், வெளியே மழையா வெயிலா என்று சொல்லுங்க. அவங்க பதில் சொல்லாம இருக்கலாம். அப்பவும் சொல்லுங்க.